கணக்குல போயிடுச்சு

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டால், விடிவதற்குள் ஒலிக்கிற போனை எடுக்கக் கை வராது. எடுத்தால் பாதி நாள் அந்த ஒரு சொல்தான். அத்தை போயிடுச்சு, எதிர்வீட்டு அக்கா போயிடுச்சு, நம்மோடு படித்தவள் போயிடுச்சு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, எந்த பஸ்ஸைப் பிடித்தால் எடுப்பதற்குள் போய்ச் சேரலாம் என்று பார்ப்பதே நமக்கு ஒரு பிழைப்பாகிவிட்டது.

போன ஐப்பசியில் தம்பியிடமிருந்து அப்படி ஒரு போன் வந்தது. நான் இருப்பது பெரம்பலூரில். அவன் திருமானூர்ப் பக்கம் ஊரிலேயே அம்மா அப்பாவோடு இருக்கிறான்.

"அக்கா, அம்மா போயிடுச்சு" என்றான்.

தூக்கக் கலக்கமோ, மனசு அதை வாங்கிக்கொள்ள மறுத்ததோ தெரியவில்லை. என் வாய் தானாகக் கேட்டது: "எதுல?"

வேறு யாராவது அந்தப் பக்கம் இருந்திருந்தால், பெற்றவள் செத்த சேதிக்கு இப்படியா கேட்பாள் ஒருத்தி என்று காறித் துப்பியிருப்பார்கள். தம்பி துப்பவில்லை. அழ ஆரம்பித்தான். நானும் அழுதேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பது உலகத்தில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இறக்கி வைத்தால் இந்த அலுப்பு கொஞ்சம் தீருகிறதா பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் பரீட்சையில் தேறாதவரை யாரும் பெயில் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். 'இங்கிலீஷ்ல போயிடுச்சு' என்பார்கள். 'சயின்ஸ்ல போயிட்டான்' என்பார்கள். கையில் இருந்தது எப்படியோ நழுவிவிட்டது என்கிற மாதிரி ஒரு இரக்கம் அந்தச் சொல்லில் உண்டு. இன்னொன்றும் உண்டு. வீட்டுப் பெண்களைப் பற்றிப் பிரியமாகவோ மரியாதையாகவோ பேசினால், நாங்கள் 'அது' போட்டுத்தான் பேசுவோம். அம்மா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு. ஆகவே பரீட்சையும் 'போயிடுச்சு', பெண்ணும் 'போயிடுச்சு'. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் தானாக வரும்.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி அரிச்சுவடி முடித்தவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் அம்மா ஆயா வேலை பார்த்தாள். ஆயா என்றால் அடுப்பு மூட்டுவது, கல் பொறுக்குவது, பிள்ளைகள் தின்ற இடத்தைக் கழுவுவது. ஈர விறகுப் புகையும் கொதிக்கிற பருப்பு வாசமும் அம்மாவின் சேலையை விட்டுப் போனதே இல்லை. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி என்றும் அர்த்தம். முப்பத்துச் சொச்சம் வயதிலேயே அம்மா ஊருக்கெல்லாம் பாட்டியாகிவிட்டாள். அவளைவிட மூத்த வாத்தியார்கள்கூட 'ஆயா, தண்ணி கொண்டா' என்பார்கள். கொண்டுபோய்க் கொடுப்பாள்.

கூடத்துக்கு ஒரு அமைப்பாளர் உண்டு. அரிசி பருப்பை நிறுத்துக் கொடுத்துக் கணக்கு எழுதுகிற பெண். பாடம் எதுவும் நடத்தாவிட்டாலும் ஊர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. மர நாற்காலி, மேசை, மேசைமேல் கனமான ஒரு கண்ணாடிக் குண்டு. காகிதம் பறக்காமல் வைக்கிற அந்தக் குண்டுக்குள் நீலமும் சிவப்புமாக ஏதோ பூத்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்த டீச்சர் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்: "அடுத்த பொங்கல் கழிச்சு நான் வீட்டுக்காரரோட வெளியூர் போயிடுவேன். நீ பத்தாவது மட்டும் பாஸ் பண்ணி வை. பிளாக் ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். இந்த நாற்காலி உனக்குத்தான்."

அம்மா ஒன்பதாவதோடு நின்றவள். கல்யாணம் வந்தது, புத்தகம் போனது. டீச்சர் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சித்திரைப் பரீட்சைக்குத் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். ஊரில் 'பிரைவேட்டா எழுதுது' என்றார்கள். தமிழ், இங்கிலீஷ், சயின்ஸ், வரலாறு எல்லாவற்றிலும் தேறினாள். கணக்கில் போய்விட்டது. பரவாயில்லை, ஐப்பசிப் பரீட்சையில் அந்த ஒன்றை மட்டும் எழுதிவிடலாம், பொங்கலுக்குள் ரிசல்ட் வந்துவிடும் என்றார்கள். ஆகவே அந்த ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் எங்கள் வீட்டில் கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கணக்கு வராது. சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, சொல்லிக் கொடுக்க ஆளில்லை, வீட்டு வேலை அமுக்கியது என்றெல்லாம் நான் பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பாதிதான் உண்மை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது. அவளுக்குக் கணக்கு வராது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அரியலூருக்கு டுட்டோரியல். தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை, கூட வரவும் மனமில்லை. "புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். நான் காவல். கீழப்பழூர் தாண்டினால் எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரும். பஸ் ஜன்னலை மூடினாலும் பல்லில் மாவு நறநறவென்று கடிபடும். ரயிலடிப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் வகுப்பு. கீழே டயர் ஒட்டுகிற பசை வாசம் மேலே வரைக்கும் வரும். பெஞ்சியில் மீசை முளைக்காத பையன்கள், எல்லோரும் எதிலாவது போனவர்கள். அவர்களுக்கு நடுவில் வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. கடைசி பெஞ்சியில் நான், பொரி உருண்டையோடு.

டுட்டோரியல் சாருக்கு அம்மாவைவிட வயது குறைவு. நல்ல மனிதர்தான். அம்மாவின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் ஒரு வழி சொன்னார்.

"முப்பத்தஞ்சு தானக்கா வேணும்? ஜாமெட்ரி வரையிறதுல பத்து. கிராஃப்ல பத்து. இருவது கையில வந்துடும். மிச்சத்துக்குத் தேற்றத்தையும் நான் டிக் அடிச்சுக் குடுக்குற கணக்கையும் அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க. புரியணும்னு நிக்காதீங்க. புரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம், பாஸ் பண்ணாப் போதும்."

அம்மா அந்த வழியை அப்படியே பிடித்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ராகம் போட்டுச் சொல்லுவாள்: ஒரு செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் மீதுள்ள சதுரம் மற்ற இரு பக்கங்களின் மீதுள்ள சதுரங்களின் கூடுதலுக்குச் சமம். தம்பியைத் தூங்க வைப்பதற்கும் அதே பாட்டுத்தான். கர்ணன் என்று யாரோ ராஜா, அவன் மேல் என்னமோ ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று தம்பி ரொம்ப நாள் நினைத்திருந்தான்.

அந்த வருஷம் வசவுகூட மாறியது. தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தால் நான் "சரிவகம்". தம்பி "சாய்சதுரம்". அப்பா வெற்றிலை போட்டுச் சுவரோரம் துப்பினால், அவர் காதில் விழாமல் "விகிதமுறா எண்" என்பாள். ஒரு நாள் அவர் காதில் விழுந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டார். "எவ்வளவு வகுத்தாலும் முடியாதது" என்றாள். அப்பா அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார். எனக்கு நினைவிருக்கும் அம்மாவின் சிரிப்புகளில் அதுதான் பெரிய சிரிப்பு.

மஞ்சள் தகர டப்பாவில் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினாள். மூடியின் உள்பக்கம் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும். திறந்தால் புது இரும்பும் அழிரப்பரும் கலந்த வாசம். எங்களைத் தொட விடமாட்டாள். அந்த டப்பா எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. அம்மா போன பிறகு பரண் வரைக்கும் ஏறித் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஆடியில் பெரியம்மா வந்தது. அம்மாவின் ஒரே அக்கா. வேப்பந்தட்டைக்கும் மேற்கே மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தது. மானாவாரிப் பூமி. பருத்தி, சின்ன வெங்காயம். வந்தால் ஒரு சிப்பம் வெங்காயம் வரும், பெரியம்மா கையை முகர்ந்தாலும் வெங்காயம்தான். பெரியம்மா மூன்றாவதோடு நின்றது. அவர்களைப் பெற்றவள் காட்டு வேலைக்குப் போக, கைக்குழந்தையான அம்மாவைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதை ஒரு நாளும் மறக்காது, மறக்கவும் விடாது.

"ஒன்ன இடுப்புல தூக்கித் தூக்கித்தான்டி எனக்கு நடையே கோணிப் போச்சு" என்று நடந்து காட்டும். "நான் நின்னதே நீ படிக்கத்தான். நீயும் பாதியில நின்ன. இப்பவாச்சும் முடி."

அந்த ஆடியிலேயே அம்மாவை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. "டீச்சரு, கொஞ்சம் சுண்ணாம்பு எடு." "டீச்சரு, காலு குடையுது, அமுக்கு." கேலிதான். ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதன் முகம் மலரும். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனது: "ரிசல்ட்டு வந்த அன்னைக்கே எனக்குச் சேதி வந்துடணும். எந்தப் பஸ்ஸுலயாவது சொல்லி உடுங்க. வராம இருந்தீங்க, நடக்குறது வேற."

ஐப்பசியில் அடை மழை. கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அரியலூரில் ஒரு ஹைஸ்கூலில் பரீட்சை. அம்மா உள்ளே போனதும் நான் வெளியே புளிய மரத்தடியில் குடையோடு உட்கார்ந்தேன். அங்கே நான் மட்டும் இல்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருவர் நின்றார், உள்ளே எழுதுவது அவர் மனைவி. குழந்தை அழ அழ, பள்ளிக்கூடத்தை நோக்கித் திருப்பிக் காட்டி, "அதோ அம்மா, அதோ அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஜன்னல்தான் தெரிந்திருக்கும்.

மணி அடித்து அம்மா வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிம்மா?"

"ஜாமெட்ரி வரைஞ்சிட்டேன்."

"கணக்கு?"

குடையை வாங்கி விரித்தாள். கொஞ்ச தூரம் நடந்தபின்தான் சொன்னாள்.

"எல்லாம் சார் டிக் அடிச்ச கணக்குதான். நம்பர மாத்திட்டாங்க."

நம்பரை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகத்தில் இருந்த நம்பரையே போட்டு, புத்தகத்தில் இருந்த விடையையே எழுதிவிட்டு வந்திருக்கிறாள். 'தப்பா எழுதறதுக்கு மனசு வரல' என்று பின்னாளில் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முப்பத்தைந்துக்குக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

ரிசல்ட் மார்கழியில் வந்தது. அப்போதெல்லாம் தேறியவர்களின் நம்பர்தான் பேப்பரில் வரும். இல்லையென்றால் இல்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டும், ஆகவே அப்பா நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரியலூர் போனார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் பேப்பரை வாங்கி விரித்துப் பார்த்திருக்கிறார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கடைக்காரரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நம்பர் இல்லை.

அப்பா கல்மனசுக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்றைக்கு அவர் கண் கலங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வேப்பந்தட்டை பஸ் கிளம்ப நின்றது. கண்டக்டர் பெரியம்மா ஊர்க்காரர், முகம் தெரிந்தவர். பெரியம்மாவின் கட்டளை அப்பாவுக்கு நினைவு வந்தது. ஜன்னலெல்லாம் ஆள். தன் பெண்டாட்டி பெயிலாகிவிட்டாள் என்று அத்தனை பேர் காதில் விழச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவளுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, சொல்லைச் சுருக்கிவிட்டார்.

"எங்க வூட்டுக்காரியோட அக்காகிட்ட, போயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அது புரிஞ்சுக்கும்" என்றாராம்.

கண்டக்டர் அப்பாவின் கண்ணைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டுக்குக்கூட அவசரப்படாமல் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாராம். இந்த மனுசன் ஒரு பரீட்சைக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று அப்பா ஆச்சரியப்பட்டிருக்கிறார். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல், உடனே ஊருக்கு வராமல், ஸ்டேஷன் ரோட்டில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டார்.

பிற்பகல் அம்மா வேலை முடிந்து வந்து, வாசலில் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அரைப் பரீட்சை காலையோடு முடிந்து, நானும் வீட்டில் இருந்தேன். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஆட்கள் இறங்கும்போதே சத்தம் எழுந்தது. பெண்கள் தலையை அவிழ்த்து விட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, சேற்றில் ஓடி வந்தார்கள். முன்னால் பெரியம்மா, கோணல் நடையோடு. பின்னால் ஒருவர் கையில் ரோஜா மாலை. இன்னொருவர் கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம். ஒருத்தி ஒப்பாரியோடு வந்தால், யார் எவர் என்று கேட்கிற பேச்சே கிடையாது. முதலில் போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கேள்வியெல்லாம் பிறகு. அம்மாவும் அதைத்தான் செய்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தன் தோளில் அழுகிறவள் யார் என்று பார்க்காமலே, தங்கச்சியைப் பாடிக்கொண்டிருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்ததை, வெல்லம் ஊட்டியதை, தான் படிக்காமல் அவளைப் படிக்க வைத்ததை. அம்மாவும் விம்மிக்கொண்டே, "யாருக்கா? யாருக்கா போனது? மாமாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குரல் காதில் விழுந்துதான் பெரியம்மா கண்ணைத் திறந்தது.

அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாலை வைத்திருந்தவர் மாலையைச் சாணித் தண்ணீரில் போட்டுவிட்டார். பெரியம்மா அம்மாவின் கன்னத்தைத் தடவியது, கிள்ளியது, கடைசியில் ஓங்கி ஒன்று வைத்தது.

"அடிப் பாவி! உசுரோடவாடி இருக்க?"

"எனக்கென்ன வந்துச்சு? யாருக்கா சொன்னது?"

"கண்டக்டரு சொன்னாரு. ஒன் வூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல அழுத கண்ணோட நின்னாராம். போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாராம்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"கணக்குலக்கா. கணக்குல போயிடுச்சு."

அவளுக்கு ரிசல்ட் தெரிந்தது அப்படித்தான்.

விளங்கியதும் வாசலே சிரித்தது. அது எப்பேர்ப்பட்ட சிரிப்பு என்று நினைக்கிறீர்கள்! வேன் டிரைவர் சிரித்தார். தெருவே கூடிச் சிரித்தது. "செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்மா, நூறு இருப்ப" என்றார்கள். "உசுரு இருக்கு பாரு, பரீட்சை கெடக்குது கழுத" என்றார்கள். யாரோ அடுப்பு மூட்டி வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போட்டார்கள். மாலையைக் கழுவிப் பசுமாட்டுக் கழுத்தில் போட்டு, தம்பியை அதன் பக்கத்தில் நிற்க வைத்துக் கைதட்டினார்கள். இருட்டுகிற நேரத்தில் வந்திறங்கிய அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று புரியவே வெகுநேரம் ஆயிற்று.

ஒருவர்கூட அம்மாவிடம், 'சரி, சித்திரையில மறுபடி எழுது' என்று சொல்லவில்லை. நல்ல மனதுக்காரர்கள்தான் அத்தனை பேரும். உயிர் இருக்கிறதே என்று அவர்கள் சந்தோஷப்பட்ட சந்தோஷத்தில், போனது ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. அம்மாவும் காப்பி டம்ளர்களைக் கொடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்காமல் எப்படி? தன் சாவுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கிறவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா இருக்க முடியும்?

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கலைந்த தலையை முடியவில்லை, காப்பியைத் தொடவில்லை. அம்மா பக்கத்தில் வந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தது.

"அப்ப அந்த நாற்காலி?"

"இல்லக்கா."

"டீச்சரு வேல?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியம்மா அழ ஆரம்பித்தது. முதலில் அழுததுபோல ராகமாக இல்லை, பாட்டாக இல்லை. குழந்தைகள் அழுகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு வெறும் அழுகை. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. "அதான் கல்லு மாதிரி இருக்காளே, இன்னும் எதுக்கு அழுவற?" என்று அதட்டினார் பெரியப்பா.

"நான் சாவுக்கு வந்தேன்" என்றது பெரியம்மா. "அழுவாம போவ மாட்டேன்."

அதைக் கேட்டதும் அம்மா உடைந்தாள். பெரியம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சித்திரையிலிருந்து, அதற்கும் முன்னால் ஒன்பதாவதில் நின்ற நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். யாரும் தடுக்கவில்லை. சாவு வீட்டில் அழுகிறவளைத் தடுக்கக் கூடாது அல்லவா? கணக்குக்காக என் அம்மா அழுதது அந்த ஒரு தடவைதான்.

கிளம்புகிற நேரத்தில் ஜவுளிக்கடைப் பை பேச்சு வந்தது. பெரம்பலூரில் வேனை நிறுத்திப் பெரியம்மா எடுத்த கோடிச் சேலை அது. பிறந்த வீட்டிலிருந்து பிணத்துக்குப் போர்த்துகிற புதுச் சேலை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. இதை வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிடுங்கள் என்றார்கள் சிலர். கடையில் திருப்பிக் கொடுக்கலாமே என்றார் டிரைவர். அம்மா பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு எடுத்தது தானக்கா? இருக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

பொங்கல் கழிந்து வேறு ஊரிலிருந்து ஒரு பெண் அமைப்பாளராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக் குண்டைத் தொட்டுப் பார்க்கவும் அவர் விட்டார், எனக்குத்தான் ஆசை போய்விட்டது. அம்மா ஓய்வு பெறுகிற வரைக்கும் ஆயாதான். அந்தச் சாவுக் கதையை ஊரில் யார் சொல்லிச் சிரித்தாலும் கூடவே சிரிப்பாள். வாழ்க்கையில் எது நினைத்தபடி நடக்காவிட்டாலும், "கணக்கு அதேதான், நம்பர மாத்திட்டாங்க" என்பாள். அப்பா அன்றிலிருந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். கரண்ட் போனால்கூட 'கரண்ட் இல்ல' என்றுதான் சொல்லுவார். பெரியம்மா அம்மாவை அதற்குப் பிறகு டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை.

போன ஐப்பசியில், நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வாசலில் பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் போட்டுச் சொல்லும் வேலையைத் தம்பியிடம் விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பெரியம்மாவைப் பேரன் காரில் கூட்டிவந்தான். எண்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினார்கள். நேராகப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தது. மாரில் அடிக்கவில்லை, பாடவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கையில் சேலையும் இல்லை.

"கூடப் பொறந்தவ, ஒரு கோடிகூட எடுத்தாரலயே" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தது.

"கோடி அன்னைக்கே எடுத்தாச்சு" என்றது. "அழுவறதும் அன்னைக்கே அழுதாச்சு. டேய், உள்ள பொட்டியில அடியில பாருடா."

தம்பி போய் எடுத்து வந்தான். ஜவுளிக்கடைப் பை தொட்டால் உதிர்ந்தது. சேலை மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது, அந்துருண்டை வாசம் அடித்தது. அரக்கு நிறம் மட்டும் அப்படியே இருந்தது. நானும் பெரியம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து அம்மாவுக்குப் போர்த்தினோம். பெரியம்மா கழுத்தோரம் சுருக்கத்தை நீவி விட்டது. நீவிக்கொண்டே குனிந்து, அம்மாவின் காதுக்குள் ஏதோ சொன்னது. பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"போயிட்டு வாங்க டீச்சரு."